வழக்கும் பேராசையும் விவேகமும்: அமெரிக்க இழப்பீட்டு நீதிமுறை குறித்து

ஒருவர் மற்றொருவருக்கு விளைவித்த தீங்குக்குப் பணமாக ஈடு கேட்கும் வழக்குகள் எல்லா நாடுகளிலும் உண்டு. ஆனால் அவை தேர்தல் மேடையில் பேசுபொருளாகி, சட்டமன்றங்களில் அரை நூற்றாண்டாக இழுபறிப்பட்டு வருவது அமெரிக்காவில்தான். அங்கு எழும் குற்றச்சாட்டு எளிதாகச் சொல்லக்கூடியது: காயம்பட்டவர் ஒரே வழக்கில் பணக்காரராகப் பார்க்கிறார், அவருடைய வழக்கறிஞர் அதில் மூன்றில் ஒரு பங்கை எதிர்பார்க்கிறார், ஜூரி அடுத்தவர் பணத்தை அள்ளிக் கொடுக்கிறது, நீதிபதி கையைக் கட்டிக்கொண்டு பார்க்கிறார். இதன் விளைவாக மருத்துவர் தேவையற்ற பரிசோதனைகளை எழுதித் தருகிறார், பள்ளிகள் விளையாட்டுத் திடலைப் பார்த்து அஞ்சுகின்றன, நீதிமன்றத்தில் விவேகம் என்று ஒன்று மிச்சமில்லை என்பது அந்த வாதத்தின் முடிவு. எதிர்த்தரப்பின் விடையும் எளிதானதுதான்: வழக்கு என்ற அச்சம் இல்லாவிட்டால் பெரிய நிறுவனங்கள் யாருக்கும் பணியமாட்டா.

இரண்டு தரப்பும் பெரும்பாலும் கதைகளை வைத்தே வாதிடுகின்றன. ஆவணங்களை வைத்துப் பார்த்தால் வேறொரு சித்திரம் தெரிகிறது. நீதிமுறையில் விவேகம் எனப்படுவது, ஒரு வழக்கின் தனித்த உண்மைகளை அருகில் வைத்துப் பார்த்து, சான்றை எடைபோட்டு, தீங்குக்கும் பொறுப்புக்கும் ஏற்ற அளவில் முடிவு சொல்வது. இந்த வேலை நடக்கும் இடத்தில் பேராசை பெரும்பாலும் தோற்றிருக்கிறது. சான்று சோதிக்கப்படாமலே பணம் கைமாறும் இடத்தில் அது செழித்திருக்கிறது.

வழக்குக்கு வாசல் திறந்த விதிகள்

அமெரிக்க முறையின் தனித்தன்மை சில விதிகளின் சேர்க்கையில் இருக்கிறது. முதலாவது ஜூரி. 1791இல் ஏற்கப்பட்ட ஏழாவது அரசியல் சட்டத் திருத்தம், 20 டாலருக்கு மேற்பட்ட உரிமையியல் வழக்குகளில் ஜூரி விசாரணைக்கான உரிமையைக் கூட்டாட்சி நீதிமன்றங்களில் உறுதி செய்தது. மாநிலங்களிலும் அவரவர் அரசியல் சட்டங்கள் வழியாக இதே ஏற்பாடு பரவலாக இருக்கிறது. ஜூரி பிறந்த இங்கிலாந்திலேயே உரிமையியல் வழக்குகளில் அது பெரும்பாலும் வழக்கொழிந்துவிட்டது. இந்தியாவில் இவ்வகை வழக்குகளை நீதிபதியே தீர்க்கிறார்.

இரண்டாவது, செலவு. இங்கிலாந்தில் தோற்றவர் வென்றவரின் வழக்கறிஞர் செலவையும் ஏற்க வேண்டும். அமெரிக்காவில் பொதுவிதியாக அவரவர் செலவு அவரவருக்கு. மூன்றாவது, வென்றால் மட்டும் கட்டணம் என்ற ஏற்பாடு. வழக்கறிஞர் முன்பணம் வாங்காமல் வழக்கை நடத்துவார். வென்றால் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்கோ சற்று கூடுதலோ எடுத்துக்கொள்வார். தோற்றால் அவருக்கு ஒன்றுமில்லை. இந்தியாவில் வழக்கறிஞர் தொழில்விதிகள் இதை அனுமதிப்பதில்லை. நான்காவது, தண்டனை இழப்பீடு. நேர்ந்த இழப்பை ஈடுசெய்யும் தொகைக்கு மேல், வேண்டுமென்றோ ஈவிரக்கமின்றியோ தீங்கிழைத்தவரைத் தண்டிப்பதற்காகவும் ஒரு தொகையை ஜூரி விதிக்கலாம். ஐந்தாவது, ஒரே குறை கொண்ட ஆயிரக்கணக்கானோர் சார்பில் ஒரே வழக்காகத் தொடுக்கும் குழு வழக்கு. 1966இல் திருத்தப்பட்ட நடைமுறை விதி அதற்கு இன்றைய வடிவத்தைக் கொடுத்தது. 1977இல் அரிசோனா வழக்கறிஞர் மன்றத்துக்கு எதிரான பேட்ஸ் வழக்கில், வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்வதை முற்றாகத் தடை செய்யக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகு நெடுஞ்சாலைப் பலகைகளிலும் தொலைக்காட்சியிலும் வழக்கறிஞர்களின் அழைப்புகள் பெருகின.

இவற்றோடு சட்டநூலுக்கு வெளியே உள்ள காரணம் ஒன்றும் சேர்கிறது. அமெரிக்காவில் அனைவருக்குமான பொது மருத்துவக் காப்பீடு இல்லை. விபத்தில் சிக்கியவருக்கு மருத்துவமனைக் கட்டணம் ஒரு குடும்பத்தின் சேமிப்பையே கரைத்துவிடும். ஐரோப்பிய நாடுகள் சமூகக் காப்பீட்டின் வழியாகவும் கண்காணிப்பு அதிகாரிகளின் வழியாகவும் செய்யும் வேலையை அமெரிக்கா வழக்கறிஞர்களிடமும் நீதிமன்றங்களிடமும் விட்டிருக்கிறது என்பதைச் சட்ட அறிஞர் ராபர்ட் கேகன் 2001இல் வெளிவந்த தம் நூலில் விரிவாகக் காட்டினார். அங்கே வழக்குப் போடுபவர்களில் பலருக்கு வேறு வழி இல்லை.

வாசல் ஏன் திறக்கப்பட்டது

இந்த விதிகள் பேராசைக்காரர்களுக்காக இயற்றப்பட்டவை அல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை, ஒரு பொருளால் காயம்பட்டவர் அதைத் தமக்கு நேரடியாக விற்றவர் மீது மட்டுமே பொதுவாக வழக்குப் போட முடியும். தயாரித்த நிறுவனம் ஒதுங்கிக்கொள்ளும். 1916இல் நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் பெஞ்சமின் கார்டோசோ இந்த வேலியை உடைத்தார். சக்கரம் நொறுங்கிக் கவிழ்ந்த பியூக் காரில் காயம்பட்டவர், இடையில் இருந்த விற்பனையாளரைத் தாண்டித் தயாரிப்பாளர் மீதே வழக்குத் தொடரலாம் என்று அவர் தீர்ப்பளித்தார். 1944இல் கலிபோர்னியாவில், கோகோ கோலா பாட்டில் வெடித்துக் கை கிழிந்த உணவகப் பணிப்பெண்ணின் வழக்கில் நீதிபதி ரோஜர் டிரேய்னர் இன்னும் ஒரு படி மேலே போனார். குறையுள்ள பொருளை விற்றவர், கவனக்குறைவு மெய்ப்பிக்கப்படாவிட்டாலும் பொறுப்பேற்க வேண்டும் என்று தனியாக எழுதினார். 1963இல் கிரீன்மன் வழக்கில் அதுவே கலிபோர்னியாவின் சட்டமாயிற்று.

இதன் பயனை ஃபோர்டு பின்டோ வழக்கு காட்டுகிறது. 1972இல் கலிபோர்னிய நெடுஞ்சாலையில் நின்றுபோன ஒரு பின்டோ காரைப் பின்னால் வந்த கார் மோதியது. பெட்ரோல் தொட்டி உடைந்து தீப்பற்றியது. ஓட்டிய பெண் இறந்தார். உடன் இருந்த 13 வயதுச் சிறுவன் உடல் முழுதும் தீக்காயங்களோடு பிழைத்தான். பின்பக்க மோதலைத் தொட்டி தாங்காது என்பது நிறுவனத்தின் சொந்தச் சோதனைகளிலேயே தெரிந்திருந்தது என்றும், காருக்குச் சில டாலர் செலவில் அதைச் சரிசெய்திருக்கலாம் என்றும் விசாரணையில் சான்றுகள் வந்தன. 1978இல் ஜூரி 12.5 கோடி டாலர் தண்டனை இழப்பீடு விதித்தது. விசாரணை நீதிபதி அதை 35 லட்சமாகக் குறைத்தார். 1981இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் குறைத்த தொகையை உறுதி செய்தது. அதே 1978இல் ஃபோர்டு சுமார் 15 லட்சம் கார்களைத் திரும்பப் பெற்றுச் சரிசெய்தது. ஜூரியின் கோபமும் நீதிபதியின் நிதானமும் ஒரே வழக்கில் தத்தம் வேலையைச் செய்தன.

காப்பி வழக்கு: கதையும் ஆவணமும்

பேராசை வழக்குக்கு உலகெங்கும் காட்டப்படும் எடுத்துக்காட்டு மெக்டொனால்ட்ஸ் காப்பி வழக்கு. காப்பியைத் தன் மேல் தானே கொட்டிக்கொண்ட ஒரு மூதாட்டிக்கு 29 லட்சம் டாலர் கிடைத்தது என்பதே பரவிய கதை. ஆவணம் சொல்வது வேறு.

1992 பிப்ரவரியில் நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஆல்பகர்க்கி நகரில் 79 வயதுப் பெண் ஒருவர் 49 சென்ட்டுக்கு ஒரு காப்பி வாங்கினார். காரை ஓட்டியவர் அவருடைய பேரன். சர்க்கரையும் பாலேடும் சேர்ப்பதற்காக வண்டி நிறுத்தப்பட்டிருந்தது. முழங்கால்களுக்கு இடையில் கோப்பையை வைத்து மூடியைத் திறந்தபோது காப்பி கவிழ்ந்தது. அவர் அணிந்திருந்த பருத்திக் கால்சட்டை அதை உறிஞ்சித் தோலோடு ஒட்டிக்கொண்டது. உடலின் 6 சதவீதப் பரப்பில் மூன்றாம் நிலைத் தீக்காயம். எட்டு நாள் மருத்துவமனையில் இருந்தார். வேறு இடத்துத் தோலை எடுத்து ஒட்ட வேண்டியிருந்தது. நிறுவனத்தின் விதிப்படி அந்தக் காப்பி ஏறத்தாழ 82 முதல் 88 செல்சியஸ் டிகிரி வெப்பத்தில் வைக்கப்பட்டது. அந்தச் சூட்டில் சில விநாடிகளிலேயே தோல் முழு ஆழத்துக்கு வெந்துவிடும்.

மருத்துவச் செலவும் சார்ந்த இழப்புகளுமாக அவர் முதலில் கேட்டது 20,000 டாலர். நிறுவனம் தர முன்வந்தது 800 டாலர். விசாரணையில் வெளிவந்த ஒரு செய்தி ஜூரியின் மனத்தைத் திருப்பியது: 1982 முதல் 1992 வரை சூடான காப்பியால் வெந்ததாக 700க்கும் மேற்பட்ட புகார்கள் அந்நிறுவனத்துக்கு வந்திருந்தன. 1994 ஆகஸ்டில் ஜூரி இழப்பை 2 லட்சம் டாலர் என்று மதிப்பிட்டது. அதில் 20 சதவீதத் தவறு மூதாட்டியுடையது என்று கழித்து 1,60,000 டாலராக்கியது. தண்டனை இழப்பீடாக, நாடு முழுவதும் அந்நிறுவனத்தின் இரண்டு நாள் காப்பி விற்பனைக்குச் சமமான 27 லட்சம் டாலரை விதித்தது. நீதிபதி ராபர்ட் ஸ்காட் இதை ஈட்டுத்தொகையின் மூன்று மடங்காக, 4,80,000 டாலராகக் குறைத்தார். மொத்தம் 6,40,000 டாலர். பின்னர் இருதரப்பும் வெளியிடப்படாத ஒரு தொகைக்குச் சமரசம் செய்துகொண்டன.

இந்த முடிவில் ஒருவர் உடன்படாமல் இருக்கலாம். சூடாக இருப்பதற்காகத்தானே காப்பி என்று கேட்பதும் நியாயமான கேள்வியே. ஆனால் விவேகம் இல்லாத முடிவு என்று இதைச் சொல்ல முடியாது. வாதியின் தவறு கணக்கில் வந்தது. நிறுவனத்துக்கு முன்பே தெரிந்திருந்தது என்பது கணக்கில் வந்தது. மிகையான தொகையை நீதிபதி குறைத்தார். செய்தியாகப் பரவியது குறைப்பதற்கு முந்தைய தொகை மட்டும்.

கால்சட்டை வழக்கு: பேராசை தோற்ற இடம்

பேராசையும் பிடிவாதமும் உண்மையிலேயே நீதிமன்றப் படியேறியதற்கு 2005இல் வாஷிங்டன் நகரில் தொடங்கிய ஒரு வழக்கு சான்று. வழக்குப் போட்டவர் சாமானியர் அல்லர். அந்நகரின் நிர்வாகத் தீர்ப்பாயத்தில் நீதிபதியாக இருந்தவர். கொரியாவிலிருந்து குடியேறிய ஒரு குடும்பம் நடத்திய சலவைக் கடையில் 10 டாலர் 50 சென்ட் கூலிக்குக் கால்சட்டை ஒன்றை இடுப்பளவு திருத்தக் கொடுத்தார். அது தொலைந்துவிட்டது என்றார். கடைக்காரர்கள் சில நாள் கழித்து எடுத்துக் கொடுத்தது தம்முடையது அல்ல என்றார். அவர் முதலில் கேட்டது, அந்தக் கால்சட்டை சேர்ந்த கோட்டு சூட்டின் விலையான ஆயிரத்துச் சொச்சம் டாலர். கடைக்காரர்கள் படிப்படியாக 3,000, 4,600, இறுதியில் 12,000 டாலர் வரை தர முன்வந்தும் அவர் ஏற்கவில்லை.

கடையில் தொங்கிய 'மனநிறைவுக்கு உத்தரவாதம்' என்ற பலகையை அவர் பிடித்துக்கொண்டார். நகரின் நுகர்வோர் சட்டத்தில் ஒரு மீறலுக்கு 1,500 டாலர் என்ற ஏற்பாடு இருந்தது. அதை மீறல்களின் எண்ணிக்கையாலும், நாள்களாலும், குடும்பத்து மூவராலும் பெருக்கி 6.7 கோடி டாலர் கேட்டார்; விசாரணையின்போது அது 5.4 கோடியானது. வேறு சலவைக் கடைக்குப் போய்வர வார இறுதிதோறும் பத்தாண்டுகளுக்கு வாடகைக் கார் வைப்பதற்கான செலவும் அந்தக் கணக்கில் இருந்தது.

2007 ஜூனில் நீதிபதி ஜூடித் பார்ட்னாஃப் வழக்கைத் தள்ளுபடி செய்தார். அந்தப் பலகையை வாடிக்கையாளரின் எந்த ஆசையையும் நிபந்தனையின்றி நிறைவேற்றும் வாக்குறுதியாக விவரமுள்ள நுகர்வோர் யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார் என்பது தீர்ப்பின் சாரம். 2008இல் மேல்முறையீடும் தோற்றது. வழக்காடியவருக்கு நீதிபதிப் பதவி நீட்டிக்கப்படவில்லை. 2020இல் வழக்கறிஞர் தொழிலிலிருந்தும் 90 நாள் இடைநீக்கம் செய்யப்பட்டார்.

தீர்ப்பு விவேகமானது. ஆனால் அதைப் பெறுவதற்கு அந்தக் குடும்பம் கொடுத்த விலை பெரிது. வழக்கறிஞர் செலவு 80,000 டாலரைத் தாண்டி, பொதுமக்களின் நன்கொடையால் ஈடுகட்டப்பட்டது. வைத்திருந்த மூன்று கடைகளில் இரண்டு கைவிட்டுப் போயின. நீதிபதியிடம் விவேகம் இருந்தும் அது வந்து சேர்வதற்குள் காலமும் காசும் கரைந்துவிடுகின்றன. அற்பமான வழக்கைக்கூடப் பலர் பணம் கொடுத்து முடித்துக்கொள்வதற்கு இதுவே காரணம். வழக்கை எதிர்கொள்ள 50,000 டாலர் ஆகும் என்றால் 20,000 கொடுத்து ஒழித்துவிடுவதே லாபம் எனக் காப்பீட்டு நிறுவனம் கணக்குப் போடும். அந்தக் கணக்கில் யார் பக்கம் நியாயம் என்ற கேள்விக்கே இடமில்லை.

சிலிக்கா வழக்குகள்: சோதிக்காத சான்றின் சந்தை

பேராசை உண்மையிலேயே பெரிய அளவில் வென்ற களம் கல்நார் வழக்குகளும் அவற்றின் வழித்தோன்றலான சிலிக்கா வழக்குகளும். கல்நார் எனப்படும் ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் நுரையீரல் கெட்டும் புற்றுநோயாலும் பல்லாயிரம் தொழிலாளர்கள் மாண்டது மறுக்க முடியாத உண்மை. முன்னணித் தயாரிப்பாளரான ஜான்ஸ் மான்வில் நிறுவனம் ஆபத்தை அறிந்தே மறைத்தது. வழக்குகளின் பாரத்தால் 1982இல் அது திவால் பாதுகாப்பு கோரியது. நோயாளிகளுக்கு ஈடு தர ஓர் அறக்கட்டளை நிதியம் உருவாக்கப்பட்டது.

நிதியம் வந்ததும் நோயாளிகளைத் தேடும் தொழிலும் வந்தது. எக்ஸ்ரே கருவி பொருத்திய வண்டிகள் தொழிற்சங்க அலுவலகங்கள், ஓட்டல்கள், கடைகளின் வாகன நிறுத்தங்கள் என்று போய் நின்றன. ஆள்களை வரிசையில் நிறுத்திப் படம் எடுத்தன. நோய் உண்டு என்று முடிவு வந்தால்தான் பரிசோதனை நிறுவனத்துக்குப் பணம் என்ற ஏற்பாடுகளும் இருந்தன. மூச்சுத்திணறலே இல்லாதவர்களின் கோரிக்கைகளும் குவிந்தன. 2001இல் மான்வில் நிதியம், 100 டாலர் மதிப்புள்ள கோரிக்கைக்கு 5 டாலர் மட்டுமே தரும் நிலைக்குத் தாழ்ந்தது. உண்மையான நோயாளியும் அந்த 5 டாலரையே பெற்றார். பொய் வழக்கின் முதல் பலி மெய் வழக்குக்காரர்தான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

பிறகு அதே தொழில் சிலிக்காவுக்குத் தாவியது. மணற்தூசியால் வரும் சிலிகோசிஸ் நோயால் அமெரிக்காவில் 1968இல் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். நூற்றாண்டின் முடிவில் அந்த எண்ணிக்கை ஆண்டுக்கு 200க்கும் கீழே இறங்கியிருந்தது. நோய் குறைந்துகொண்டிருந்த காலத்தில் ஏறத்தாழ 10,000 பேர் புதிய நோயாளிகளாக ஒரே கூட்டாட்சி நீதிமன்றத்தில் வந்து நின்றனர். அவர்களில் பெரும்பாலோர் மிசிசிப்பி மாநிலத்தவர். அந்த வழக்குகள் டெக்சாஸின் கார்பஸ் கிறிஸ்டி நகரில் நீதிபதி ஜேனிஸ் கிரகாம் ஜாக்கிடம் வந்தன. சட்டம் படிப்பதற்கு முன் அவர் செவிலியராக இருந்தவர். மருத்துவர்களைக் கூண்டில் ஏற்றிக் கேட்க வேண்டும் என்றார்.

கேட்டதும் கட்டடம் சரிந்தது. ஏறத்தாழ 9,000 பேருக்கு நோய் என்று எழுதியவர்கள் மொத்தம் 12 மருத்துவர்கள். அவர்களில் ஒருவர் மட்டும் 3,600க்கும் அதிகமானோருக்கு எழுதியிருந்தார். குறுக்கு விசாரணையில், நோய் உண்டு என்று சொல்வது தம் நோக்கமாகவே இருக்கவில்லை என்று அவர் அத்தனையையும் திரும்பப் பெற்றார். வாதிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் முன்பே கல்நார் நோய் என்று சொல்லி மான்வில் நிதியத்தில் விண்ணப்பித்தவர்கள். இரு நோய்களும் ஒரே உடலில் சேர்ந்து வருவது மிக அரிது. சில மருத்துவர்கள் ஒரே நபருக்கு முதலில் கல்நார் நோய் என்றும் பின்னர் சிலிகோசிஸ் மட்டும் என்றும் எழுதியிருந்தனர். 2005 ஜூனில் வந்த 249 பக்க ஆணையில், இந்த நோயறிதல்கள் மருத்துவத்துக்காகவும் நீதிக்காகவும் நடந்தவை அல்ல, பணத்துக்காக உற்பத்தி செய்யப்பட்டவை என்ற முடிவுக்கு நீதிபதி வந்தார். பெரும்பாலான வழக்குகள் அதன் பிறகு உதிர்ந்துபோயின.

சிலிக்காவில் ஒரு நீதிபதி நேரில் கேட்டதால் ஏமாற்று வெளிப்பட்டது. கல்நாரில் அதே வகைச் சான்றுகள் ஆண்டுக்கணக்கில் கூண்டேறாமலே மொத்தமாகச் சமரசம் ஆகிவந்தன. இரண்டுக்கும் இடையே இருந்த வேறுபாடு அது ஒன்றே.

எண்கள் காட்டும் நாடு

வழக்கு வெள்ளம் என்ற பேச்சையும் எண்களோடு ஒப்பிட வேண்டும். மாநில நீதிமன்றங்களுக்கான தேசிய மையம், 2012 ஜூலை முதல் 2013 ஜூன் வரை பத்து பெருநகர் மாவட்டங்களில் முடிந்த 9 லட்சத்துக்கும் மேற்பட்ட உரிமையியல் வழக்குகளை ஆராய்ந்தது. காயத்துக்கும் தீங்குக்கும் ஈடு கேட்ட வழக்குகள் அவற்றில் 7 சதவீதம் மட்டுமே. பாதிக்கும் மேற்பட்டவை கடன், வாடகை, அடமானம் போன்ற ஒப்பந்த வழக்குகள். தீர்ப்பான தொகைகளில் முக்கால் பங்கு 5,200 டாலருக்கும் குறைவு.

மருத்துவத் துறையில் நிலை இன்னும் தெளிவு. நியூயார்க் மாநில மருத்துவமனைகளின் 1984ஆம் ஆண்டுப் பதிவேடுகளை ஹார்வர்டு ஆய்வாளர்கள் பரிசீலித்து 1991இல் முடிவுகளை வெளியிட்டனர். மருத்துவரின் கவனக்குறைவால் தீங்குற்றதாக அவர்கள் கண்ட 280 நோயாளிகளில் வழக்குத் தொடர்ந்தவர்கள் 8 பேர். காயம்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் நீதிமன்றத்தின் பக்கமே வருவதில்லை. 2006இல் டேவிட் ஸ்டடர்ட் தலைமையிலான குழு, முடிந்துபோன 1,452 மருத்துவ வழக்குகளைப் பார்த்தது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வழக்குகளில் மருத்துவத் தவறு எதுவும் இல்லை; ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பணமும் கிடைக்கவில்லை. தவறு நடந்த வழக்குகளில் ஏறத்தாழ நான்கில் மூன்றுக்கு ஈடு கிடைத்தது. ஆக, முடிவுகள் பெரும்பாலும் நியாயத்தை ஒட்டியே இருந்தன. ஆய்வு கண்ட பெரிய குறை வேறு: நோயாளிக்குக் கொடுத்த ஒவ்வொரு டாலருக்கும் வழக்கறிஞர், நிபுணர், நீதிமன்றச் செலவாக 54 சென்ட் போயிற்று.

ஜூரியின் தாராளம் என்ற குற்றச்சாட்டுக்கும் வரம்பு உண்டு. கூட்டாட்சி நீதிமன்றங்களில் 1962இல் 11.5 சதவீத உரிமையியல் வழக்குகள் முழு விசாரணை வரை போயின. 2002இல் அது 1.8 சதவீதமாகச் சுருங்கியது என்று மார்க் கேலன்டர் 2004இல் காட்டினார். மற்றவை சமரசமாகவோ இடைக்கால ஆணைகளாலோ முடிகின்றன. ஜூரியைப் பார்த்து அஞ்சும் நாட்டில் ஜூரி கூடுவதே அரிதாகிவிட்டது.

மறுபக்கத்துப் பேராசை

பேராசையைப் பற்றிய பேச்சு வாதிகளோடு நின்றுவிடுகிறது. ஆனால் அமெரிக்க மாநில நீதிமன்றங்களை நிறைப்பவை தனிமனிதர்கள் நிறுவனங்கள் மீது தொடுக்கும் வழக்குகள் அல்ல. நிறுவனங்கள் தனிமனிதர்கள் மீது தொடுக்கும் கடன் வழக்குகள். 1993இல் 17 லட்சத்துக்கும் குறைவாக இருந்த கடன் வசூல் வழக்குகள் 2013இல் ஏறத்தாழ 40 லட்சமாயின என்று பியூ அறக்கட்டளை 2020இல் மதிப்பிட்டது. தரவு கிடைத்த இடங்களில் 70 சதவீதத்துக்கும் மேற்பட்டவை எக்ஸ்பார்ட்டி தீர்ப்பில் முடிந்தன. அதாவது பிரதிவாதி வராததால் வாதி கேட்டது அப்படியே கிடைத்தது.

இதில் ஒரு தொழிலே வளர்ந்தது. வங்கிகள் கைவிட்ட கடன்களைச் சில நிறுவனங்கள் டாலருக்குச் சில சென்ட் விலையில் மூட்டையாக வாங்குகின்றன. பல நேரங்களில் அவற்றிடம் மூல ஒப்பந்தம்கூட இருப்பதில்லை; பெயரும் தொகையும் கொண்ட கணினிப் பட்டியல் மட்டுமே இருக்கும். அதை வைத்து, கடனைப் பற்றி நேரடியாக எதுவும் அறியாத ஊழியர்கள் நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான பிரமாண வாக்குமூலங்களில் கையெழுத்திட்டனர். கட்டி முடித்த கடனுக்கும், காலாவதியான கடனுக்கும், வேறொருவர் கடனுக்கும் தீர்ப்புகள் வந்தன. சம்பளத்தில் பிடித்தமும் நடந்தது. 2015இல் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு, இத்துறையின் மிகப் பெரிய இரண்டு நிறுவனங்கள் மீது நடவடிக்கை எடுத்து, பணத்தைத் திருப்பித் தரவும் அபராதம் கட்டவும் செய்தது. எக்ஸ்ரே வண்டியும் இந்த வாக்குமூலங்களும் ஒரே வகையின. இரண்டிலும் சான்று மொத்தமாக உற்பத்தியானது. இரண்டிலும் அதை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை.

திருத்தங்கள் சாதித்தவை

சீர்திருத்தங்களில் ஒரு வகை, தொகைக்கு உச்சவரம்பு விதிப்பது. 1975இல் கலிபோர்னியா, மருத்துவ வழக்குகளில் வலிக்கும் வேதனைக்குமான ஈட்டுக்கு 2,50,000 டாலர் வரம்பு வைத்தது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு அதே தொகை நின்றது; 2022இல்தான் உயர்த்தப்பட்டது. 2003இல் டெக்சாஸ் மருத்துவர்களுக்கு அதே தொகையை வரம்பாக்கியது. வழக்குகளும் கொடுத்த தொகைகளும் குறைந்தன. ஆனால் வரம்பு நல்ல வழக்கையும் கெட்ட வழக்கையும் பிரித்தறிவதில்லை. உயர்ந்த சம்பளக்காரரின் வருமான இழப்புக்கு வரம்பில்லை. வருமானமே இல்லாத குழந்தைக்கும் இல்லத்தரசிக்கும் ஓய்வுபெற்ற முதியவருக்கும் வேதனைக்கான ஈடுதான் பெரும்பங்கு. மிகக் கடுமையாகக் காயம்பட்டவரிடமே வரம்பு கைவைக்கிறது.

இன்னொரு வகை, நீதிபதியின் கையை வலுப்படுத்துவது. உச்ச நீதிமன்றம் 1996இல் பிஎம்டபிள்யூ வழக்கில் இதைச் செய்தது. மறுபடி வண்ணம் பூசிய காரைப் புதியது என்று விற்றதற்கு அலபாமா ஜூரி 4,000 டாலர் ஈடும் 40 லட்சம் டாலர் தண்டனை இழப்பீடும் விதித்திருந்தது. செயலின் கொடுமை, இரு தொகைகளின் விகிதம், அதே தவறுக்குச் சட்டம் விதிக்கும் அபராதம் ஆகிய மூன்றையும் நீதிபதிகள் எடைபோட வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். இறுதியில் தண்டனைத் தொகை 50,000 டாலராயிற்று. 2003இல் ஸ்டேட் ஃபார்ம் வழக்கில், தண்டனைத் தொகை ஈட்டுத்தொகையின் ஒன்பது மடங்கைத் தாண்டுவது அரிதாகவே செல்லும் என்று கூறப்பட்டது. கூட்டாட்சி நீதிமன்ற நடைமுறை விதிகளில், ஆதாரமற்ற வழக்குக்கு வழக்கறிஞரையே தண்டிக்கும் பதினொன்றாம் விதி 1983இல் கடுமையாக்கப்பட்டது. தண்டனை கோரும் மனுக்களே புதிய வழக்குகளாகப் பெருகியதால் 1993இல் தளர்த்தப்பட்டது. தவறான மனுவைத் திரும்பப் பெற 21 நாள் அவகாசம் தரப்பட்டது.

போபால்: விசாரணையே நடக்காதபோது

இந்த நீதிமுறை இந்தியாவை நேரடியாகத் தொட்ட இடம் போபால். 1984 டிசம்பர் 2, 3 தேதிகளின் நள்ளிரவில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து நச்சுவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். சில நாள்களிலேயே அமெரிக்க வழக்கறிஞர்கள் போபாலில் வந்திறங்கி வக்காலத்து வாங்கினர். அந்தக் காட்சி உலகம் முழுவதும் கண்டிக்கப்பட்டது. 1985இல் இந்திய அரசு தனிச்சட்டம் இயற்றி, பாதிக்கப்பட்டோர் சார்பில் வழக்காடும் உரிமையைத் தானே ஏற்று, நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தது. 1986 மே மாதம் நீதிபதி ஜான் கீனன், இந்தியாவே உரிய களம் என்று வழக்கைத் திருப்பி அனுப்பினார். 300 கோடி டாலருக்கு மேல் கேட்டிருந்த வழக்கு, 1989 பிப்ரவரியில் இந்திய உச்ச நீதிமன்றத்தில் 47 கோடி டாலருக்குச் சமரசமாக முடிந்தது. இழப்பீட்டுப் பொறுப்பைத் தீர்மானிக்கும் முழு விசாரணை இரண்டு நாடுகளிலும் நடக்கவில்லை. கூடுதல் ஈடு கேட்ட மனுவை 2023இல் இந்திய உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. வழக்கறிஞர்களின் பேராசை பேசப்பட்ட அளவுக்கு, விசாரணை நடக்காததால் நேர்ந்த அநீதி பேசப்படவில்லை.

முடிவு

அமெரிக்க நீதிமன்றங்களில் பேராசை இருக்கிறது. சில காலங்களில் அது கொள்ளையாகவும் இருந்திருக்கிறது. ஆனால் விவேகத்தை அரித்தது வழக்கின் எண்ணிக்கையோ ஜூரியின் இரக்கமோ என்பதற்கு ஆவணங்களில் ஆதாரம் குறைவு. அரித்தவை இரண்டு: உண்மையை நிலைநாட்ட ஆகும் செலவும், உண்மையைப் பார்க்காமலே தொகையைத் தீர்க்கும் பழக்கமும். முதலாவது நியாயம் உள்ளவரையும் பணிய வைக்கிறது. இரண்டாவது பொய்யை லாபகரமாக்குகிறது.

ஆகவே செய்ய வேண்டியவையும் தெளிவாகவே இருக்கின்றன. மொத்தமாக வரும் வழக்குகளில் மாதிரிக்குச் சிலவற்றையேனும் தொடக்கத்திலேயே கூண்டேற்றிச் சோதிக்க வேண்டும். எதிரி வராவிட்டாலும், கடனுக்கு மூல ஆவணம் இல்லாமல் தீர்ப்பு எழுதக்கூடாது. மருத்துவச் செலவுக்காகவே வழக்குப் போடும் நிலை மாற வேண்டும். காயம்பட்டவர் எல்லோரையும் பேராசைக்காரர் என்று இகழும் பேச்சையும், வழக்கறிஞர் தொடுப்பதெல்லாம் அறப்போர் என்று புகழும் பேச்சையும் பொதுமக்கள் ஒருசேர மறுக்க வேண்டும். ஒரு தீர்ப்பைப் பழிப்பதற்கு முன் அதை முழுதாகப் படிப்பது குடிமக்களின் கடமை. ஒரு தீர்ப்பை எழுதுவதற்கு முன் சான்றை நேரில் சோதிப்பது நீதிபதிகளின் கடமை. இந்த இரண்டும் தவறாத நாட்டில் எத்தனை வழக்குகள் வந்தாலும் நீதிமன்றம் விவேகத்தை இழக்காது.